50 சிசி ஸ்கூட்டரில் 80 போக முடியுமா? போனால் எதை இழப்பேன்?

#1 நத்தைக்கால்
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்கே படிக்கிறதோட சரி, எழுதுறது இதுதான் முதல் தடவை.

என் வண்டி 50 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், கார்பரேட்டர் மாடல். போர் (சிலிண்டர் விட்டம்) 39 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 41.4 மி.மீ. 139 கியூஎம்பி என்று சொல்வார்களே, அந்த எஞ்சின். முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக். 19,000 கி.மீ. ஓடியிருக்கு.

பிரச்சினை இதுதான். சமதளத்தில் முழுசா முறுக்கினால் மீட்டர் 60 காட்டுது. ஃபோனில் ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தால் 52. மேடு வந்தா 35-க்கு இறங்கிடுது. பெரிய ரோட்டில் போகும்போது பின்னாடி லாரிக்காரர் ஹாரன் அடிச்சே என்னை ஓரங்கட்டுறார். 80 தொட்டால் போதும், அதுக்கு மேல ஆசை இல்லை.

ஒரு நண்பன் "முன் கப்பிக்குள்ள இருக்கிற ரோலர் உருளையை மாத்து, பறக்கும்" என்கிறான். இன்னொருத்தன் "பெரிய போர் கிட் (பெரிய சிலிண்டர், பிஸ்டன் செட்) போடு, மத்ததெல்லாம் வீண்" என்கிறான். எதைச் செய்தால் எது கெடும் என்று தெரிஞ்சவங்க சொல்லுங்க. கெடுறதைத்தான் யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க.

#2 முறுக்குமன்னன்
கிட் போடுங்க ப்ரோ, யோசிக்கவே யோசிக்காதீங்க. உங்க எஞ்சினுக்கு 47 மி.மீ. போட்டா 72 சிசி, 50 மி.மீ. போட்டா 81 சிசி. நான் 72 போட்டிருக்கேன். மீட்டர்ல 78 பார்த்துட்டேன். கூடவே ஒரு நல்ல சைலன்சர், ஆர்பிஎம் லிமிட் இல்லாத சிடிஐ (ஸ்பார்க் கொடுக்கிற பெட்டி). ஒரே ஞாயித்துக்கிழமை வேலை. ரோலர் மாத்துறதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

#3 கிரீஸ்கை
தம்பி முறுக்குமன்னா, கொஞ்சம் பொறு. அவர் எழுதினதை ஒழுங்கா படிச்சியா? 19,000 கி.மீ.

நத்தைக்கால் சார், ஒரே ஒரு கேள்வி. இடது பக்க பெல்ட் கவரை இதுவரைக்கும் யாராவது கழட்டிப் பார்த்திருக்காங்களா? வண்டி புதுசுல இவ்வளவுதான் போச்சா, இல்லை இன்னும் கொஞ்சம் போச்சா?

ஏன் கேட்கிறேன்னா, இந்த வண்டியில கியரே பெல்ட்தான். முன் கப்பி ரெண்டு தட்டும் நெருங்க நெருங்க பெல்ட் வெளிவிளிம்புக்கு ஏறும். அது ஏற ஏற வேகம். பெல்ட் பக்கவாட்டில தேஞ்சு ஒல்லியாயிட்டா, தட்டு முழுசா நெருங்கின பிறகும் அது பள்ளத்துக்குள்ளேயே கிடக்கும். நீங்க என்னதான் முறுக்கினாலும் மூணாவது கியர்ல நாலாவது வேகம் வருமா? தட்டை நெருக்குற ரோலர் தேஞ்சு தட்டையாகியிருந்தாலும் இதே கதைதான்.

காசு செலவில்லாத ஒரு சோதனை சொல்றேன். கவரைக் கழட்டுங்க. முன் கப்பித் தட்டு மேல, நடுவிலிருந்து வெளிவிளிம்பு வரைக்கும் மார்க்கர் பேனாவால நேரா ஒரு கோடு போடுங்க. மூடிட்டு, காலி ரோட்டில முழுசா முறுக்கி ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து, எஞ்சின் ஆறினதும் திறந்து பாருங்க. பெல்ட் போன இடம் வரைக்கும் கோடு அழிஞ்சிருக்கும். விளிம்பு வரைக்கும் அழிஞ்சிருந்தா உங்க வண்டி தன்னால முடிஞ்சதைக் கொடுக்குது. பாதியில நின்னா, வேகம் உள்ளேயே தூங்குதுன்னு அர்த்தம்.

கவர் கழட்டும்போது அதுல இருக்கிற போல்ட் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. எது எங்கேயிருந்து வந்ததுன்னு ஒரு அட்டையில கவர் படம் வரைஞ்சு அதே இடத்துல குத்தி வச்சுக்கோங்க.

#4 கணக்குப்புலி
80 என்ற எண்ணைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்கூட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்த ஆள் காற்றுக்கு ஒரு சுவர். காற்றைத் தள்ளுவதற்கான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏறும். வண்டியும் ஆளும் சேர்ந்து 180 கிலோ, முகப்புப் பரப்பையும் இழுவைக் கெழுவையும் பெருக்கினால் 0.6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். டயர் உருளும் தடையையும் சேர்த்தால் பின்சக்கரத்தில் தேவைப்படுவது:

52 கி.மீ. வேகத்துக்கு சுமார் 1.5 கிலோவாட்
60-க்கு சுமார் 2.1
70-க்கு சுமார் 3.2
80-க்கு சுமார் 4.5

52-லிருந்து 80-க்குப் போக வேகம் ஒன்றரை மடங்கு. திறனோ மூன்று மடங்கு. இதற்கு மேல் பெல்ட்டில் வெப்பமாகப் போவது வேறு. எஞ்சின் தருவதில் ஐந்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நல்ல நிலையில் உள்ள 50 சிசி சக்கரத்தில் 2 கிலோவாட் தருகிறது என்று கொண்டால், அதே தரத்தில் 81 சிசி தருவது 3.3. அது 71 கி.மீ. வேகத்துக்குத்தான் போதும். 72 சிசி என்றால் 68. முறுக்குமன்னன் பார்த்த 78 மீட்டரிலா, ஜிபிஎஸ்ஸிலா? மீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்று விதி இருப்பதால் தயாரிப்பாளர்கள் எல்லாருமே கூட்டித்தான் காட்ட வைக்கிறார்கள். நத்தைக்கால் வண்டியே எட்டு கி.மீ. கூட்டிச் சொல்கிறது.

#5 முறுக்குமன்னன்
மீட்டர்தான் புலி சார். ஜிபிஎஸ் வச்சுப் பார்க்கலை. ஆனா உக்காந்து ஓட்டுறவனுக்குத் தெரியாதா? சும்மா பேப்பர்ல போட்டா எல்லாம் கம்மியாத்தான் வரும்.

#6 புகைவண்டி
நான் டூ ஸ்ட்ரோக் காலத்து ஆள். பேரைப் பார்த்தாலே தெரியும். புலி சொன்ன காற்றுக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1951-ல் வெஸ்பாக்காரர்கள் 125 சிசி வண்டியை டார்பிடோ மாதிரி ஒரு கூட்டுக்குள் அடைத்து மணிக்கு 171 கி.மீ. ஓட்டினார்கள். அதே வருஷம் லாம்பிரெட்டாக்காரர்கள், அவர்களும் 125 சிசிதான், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் வைத்து 201 தொட்டார்கள். எஞ்சினையும் பிழிந்தார்கள் என்பது நிஜம். ஆனால் அந்தக் கூடு இல்லாமல், ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வந்திருக்க மாட்டார்கள். நம்ம வண்டிக்குக் கூடு போட முடியாது, அதனால் இதை ரசிப்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

இப்போது என் சொந்தக் கதை. சின்ன வயதில் என் 50 சிசி டூ ஸ்ட்ரோக்குக்கு ஓட்டம் தடுக்காத சைலன்சர் மாட்டினேன். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழட்டி எறிந்துவிட்டு ஒரு திறந்த ஃபில்டர் வைத்தேன். கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றவில்லை. ஏன் மாற்ற வேண்டும், வண்டிதான் பறக்கிறதே?

காற்று கூடி பெட்ரோல் கூடவில்லை என்றால் கலவை வற்றிப்போகும். வற்றிய கலவை சூடாக எரியும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் போகிறது, அதனால் மசகும் குறையும். இதில் கொடுமை என்னவென்றால் எஞ்சின் சாகப்போகும் நேரத்தில்தான் மிக இனிமையாக ஓடும். அன்றைக்கு ஒரு நீண்ட நேர்ரோட்டில் என் வண்டி அதுவரை போகாத வேகத்தில் போனது. அடடா என்று நினைத்த மறு நிமிடம் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. என் முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் இவ்வளவு திடீரென்று நடக்காது. ஆனால் சைலன்சரையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு மெயின் ஜெட்டைத் தொடாதவன் கடன் வாங்கி வேகம் வாங்குகிறான். இஞ்செக்‌ஷன் வண்டியாக இருந்தால் அதுவே சரிசெய்துகொள்ளும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். மெதுவாகப் போகும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்யும். முழு முறுக்கில் பெரும்பாலானவை சென்சாரைக் கேட்பதில்லை, உள்ளே எழுதி வைத்த அட்டவணைப்படிதான் பெட்ரோல் ஊற்றும். ஆபத்து இருப்பதும் முழு முறுக்கில்தான்.

#7 மின்குதிரை
நீங்க எல்லாம் இன்னும் ஜெட் மாத்திக்கிட்டே இருங்க. என் மின் ஸ்கூட்டர்ல 36 வோல்ட் பேட்டரியை எடுத்துட்டு 48 போட்டேன். மோட்டார் சுத்துற வேகம் மூணில் ஒரு பங்கு கூடிச்சு. அவ்வளவுதான் மாடிஃபிகேஷன்.

#8 கணக்குப்புலி
கன்ட்ரோலரில் உள்ள கபாசிட்டர் எத்தனை வோல்ட்டுக்கானது என்று பார்த்தீர்களா? 36 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனால் 42. 48 என்பது 13 செல் வரிசை, முழுச் சார்ஜில் 54.6. உங்களுடையது 50 வோல்ட் கபாசிட்டர் என்றால் சார்ஜரைப் பிடுங்கிய முதல் பத்து நிமிடம்தான் அதற்கு மிக மோசமான நேரம்.

#9 மின்குதிரை
63 வோல்ட். பார்த்துட்டுத்தான் போட்டேன். ஆனா மோட்டார் மேட்டுல தொட முடியாத சூடு ஆகுது, உண்மையை ஒத்துக்கிறேன். காந்தம் பலமிழந்தா திரும்ப வராதுன்னு சொல்றாங்க. அதனால மேட்டுல இறக்கித்தான் ஓட்டுறேன். சரி, இழை திசை மாறுது. நான் தனி இழை போடுறேன்.

#10 ஓரமாப்போறேன்
எல்லாரும் எப்படிப் போவது என்றே பேசுகிறீர்கள். எப்படி நிற்பது என்று யாரும் கேட்கவில்லையே?

என் தம்பி இதே மாதிரி ஒரு சின்ன வண்டியில் பெரிய கிட் போட்டான். எஞ்சின் அருமையாகத்தான் இருந்தது. பிரேக் பழையது. ஒரு கார் கதவு திறந்தது, நிற்கவில்லை. தோள்பட்டை எலும்பு மட்டும்தான், ஆள் நலம். அதற்குப் பிறகுதான் நிஜ வேதனை. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தவர் வண்டியைப் பார்த்தார், சைலன்சரைப் பார்த்தார், எஞ்சினைத் திறந்து அளக்கச் சொன்னார். ஆவணத்தில் ஒரு சிசி, உள்ளே வேறு சிசி. எங்களுக்கு வர வேண்டியது வரவில்லை. கார்க்காரர் தரப்பும் அதையே பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்தது அவர். தப்பு எங்கள் தலையில்.

அளவு கூடினால் பல இடங்களில் வண்டியின் வகையே மாறிவிடும், ஓட்டுநர் உரிமத்தின் வகையும். அவரவர் ஊர் விதியைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

#11 முறுக்குமன்னன்
ப்ரோ, உங்க தம்பிக்கு வருத்தம்தான். ஆனா பிரேக் நல்லா பிடிச்சு ஓட்டினா ஒண்ணும் ஆகாது.

#12 ஓரமாப்போறேன்
நான் ப்ரோ இல்லை, அக்கா என்று கூப்பிடலாம்.

#13 முறுக்குமன்னன்
மன்னிச்சுக்கோங்க அக்கா.

#14 கணக்குப்புலி
அக்கா கேட்டதற்கு எண் தருகிறேன். சாதாரண டிரம் பிரேக் வைத்த வண்டியை ஒரு சராசரி ஆள் பதற்றத்தில் நிறுத்தும்போது விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வேகம் குறைகிறது என்று வைப்போம். கண் பார்த்துக் கை அழுத்த ஒரு விநாடி.

55 கி.மீ. வேகத்தில் வருபவர் நிற்க 39 மீட்டர் ஆகும். 80-ல் வருபவருக்கு 72.

இதைவிட உறைக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. இருவரும் ஒரே இடத்தில் தடையைப் பார்க்கிறார்கள். 55-ல் வந்தவர் 39-வது மீட்டரில் நின்றுவிட்டார். 80-ல் வந்தவர் அதே இடத்தைக் கடக்கும்போது அவருடைய வேகம் இன்னும் 65. அதாவது மெதுவான வண்டி மோதாமல் தப்பும் இடத்தில், வேகமான வண்டி மெதுவான வண்டியின் உச்ச வேகத்தைவிட அதிக வேகத்தில் மோதுகிறது.

#15 கிரீஸ்கை
இதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டேன்.

நான் ஒண்ணு சேர்க்கிறேன். பிரேக் மட்டும் இல்லை. இந்த வண்டியில எஞ்சின், கியர் பெட்டி, பின்சக்கரம் எல்லாம் ஒரே துண்டா தொங்குது. குண்டு குழியில அத்தனை எடையும் சேர்ந்து எகிறும். சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள்ள முழுசா இறங்கும். 50-ல ‘டொக்’குன்னு கேட்கிறது 75-ல ஹேண்டிலை உதறும். பின்னாடி பெட்டி மாட்டியிருந்தா வால் ஆடும். டயர் பக்கவாட்டைப் பாருங்க, கடைசியில ஒரு எழுத்து இருக்கும். ஜே-ன்னா 100 வரைக்கும் தாங்கும், எஃப்-னா 80, பி-ன்னா வெறும் 50. பழைய சின்ன வண்டி டயர்ல இதை யாரும் பார்க்கிறதே இல்லை.

டயர்னதும் ஞாபகம் வருது. பெரிய டயர் போட்டா வேகம் கூடும்னு 90/100-10-ஐ எடுத்துட்டு 100/90-10 வாங்கினவங்க உண்டு. முதல் எண் அகலம், ரெண்டாவது எண் உயரத்தோட சதவீதம். ரெண்டுக்கும் பக்கச்சுவர் 90 மி.மீ.தான், விட்டம் ஒண்ணேதான். அகலமான டயருக்குக் காசு கொடுத்து உருளும் தடையை வாங்கினதுதான் மிச்சம்.

#16 நத்தைக்கால்
மன்னிக்கணும், நாலு நாள் கழிச்சு வர்றேன். கவரைத் திறந்துட்டேன்.

மார்க்கர் கோடு: வெளிவிளிம்பிலிருந்து கிட்டத்தட்ட 6 மி.மீ. அழியாம அப்படியே இருக்கு. பெல்ட்: புதுசுல 18 மி.மீ. அகலம்னு அதுமேலேயே போட்டிருக்கு, நான் அளந்தா 16.4. ஆறு ரோலர்ல நாலு ரோலர் தட்டை, ஒண்ணு கிட்டத்தட்ட சதுரம். உள்ளே கறுப்புத் தூசி ஒரு கைப்பிடி.

போன வருஷம் ஜிபிஎஸ்லயே 58 போயிட்டிருந்துச்சு, இப்ப 52-ன்னு எழுத மறந்துட்டேன். கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சதால உறைக்கவே இல்லை.

#17 கிரீஸ்கை
கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதை. பெல்ட், ரோலர் ரெண்டும் புதுசு போடுங்க. கப்பித் தட்டை பெட்ரோல் தொட்ட துணியால துடைங்க, கிரீஸ் ஒரு துளி கூடப் படக்கூடாது. அப்படியே ஏர் ஃபில்டர், வால்வ் இடைவெளி, டயர் காற்று. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில போட்டு, பின்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி, கையால சுத்துங்க. பிரேக் ஷூ உரசி நிக்குதான்னு தெரியும். பாதிப் பேர் வண்டி பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஓடுது.

#18 நத்தைக்கால்
ரோலர் வாங்கும்போதே எடை மாத்தி வாங்கலாமா? லேசானது போட்டா வேகம் கூடும் என்கிறான் நண்பன்.

#19 கிரீஸ்கை
இதுதான் இந்த இழையில முக்கியமான கேள்வி. நிதானமா எழுதுறேன்.

ரோலர் சுத்தும்போது வெளியே தள்ளும். அந்தத் தள்ளல்தான் தட்டை நெருக்குது. பின் கப்பியில ஒரு பெரிய ஸ்பிரிங் எதிர்த்து இழுக்குது. ரெண்டு பேருக்கும் கயிறு இழுக்கிற போட்டி. ரோலர் லேசுன்னா தள்ள பலம் பத்தாது, அதனால எஞ்சின் இன்னும் வேகமா சுத்தினாத்தான் கியர் மாறும். எஞ்சின் தன் பலமான ஆர்பிஎம்-ல ரொம்ப நேரம் நிக்கும். சிக்னல்ல பிக்கப், மேட்டுல இழுவை ரெண்டும் கூடும். கனமான ரோலர்னா சீக்கிரமே கியர் ஏறிடும். சத்தம் கம்மி, பெட்ரோல் கம்மி, ஆனா மேட்டுல முக்கும்.

டாப் ஸ்பீடு? பெல்ட் விளிம்பு வரைக்கும் ஏறிட்டா ரோலர் எடைக்கு வேலை முடிஞ்சுது. அதுக்கு மேல ரோலர் ஒரு கி.மீ. கூடக் கொடுக்காது. ரொம்ப லேசா போட்டா பெல்ட் விளிம்பு வரைக்கும் ஏறவே ஏறாது, எஞ்சின் கத்தும், வண்டி போகாது. உங்க நண்பர் பிக்கப்பை வேகம்னு நினைச்சுக்கிறார். இது நிறையப் பேர் பண்ற தப்பு. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னா ரோலர்ல நடக்காது.

#20 கணக்குப்புலி
கிரீஸ்கை அண்ணன் சொன்னதற்கு அளவு: தள்ளும் விசை எடைக்கு நேர், ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு நேர். 6.5 கிராமிலிருந்து 5.5-க்கு இறங்கினால் கியர் மாறும் ஆர்பிஎம் சுமார் 9 சதவீதம் ஏறும். 7,000-ல் மாறியது 7,600-ல் மாறும். ஒரு கிராம் என்பது சின்ன விஷயமில்லை. அரை அரை கிராமாக இறங்குங்கள்.

#21 முறுக்குமன்னன்
சரி, ஒரு விஷயம் சொல்லிடுறேன். நேத்து ஜிபிஎஸ் வச்சுப் பார்த்தேன்.

67.

மீட்டர் அப்போ 78 காட்டிச்சு. புலி சார் 68-ன்னு சொன்னார், நான் பேப்பர்னு சிரிச்சேன். கையெடுத்துக் கும்பிடுறேன்.

அதோட எல்லாத்தையும் சொல்லிடுறேன், ஏன்னா நத்தைக்கால் முதல்லயே கேட்டார், கெடுறதைச் சொல்லுங்கன்னு. கிட் போட்டு 4,000 கி.மீ. ஆச்சு. ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதோட மூடிக்கும் நடுவுல இருக்கிற சீல்) ரெண்டு தடவை போச்சு. முதல் தடவை பழைய ஹெட்டையே வச்சு மூடினேன், கம்ப்ரஷன் ஏறி மேட்டுல ‘கிட கிட’ன்னு நாக்கிங். மைலேஜ் நாலுல ஒரு பங்கு போயிடுச்சு. பெல்ட் 6,000-லயே மாத்தணும்போல இருக்கு. சைலன்சர் சத்தத்துல காலையில தெருவே எழுந்துக்குது, அம்மா வண்டியைத் தள்ளிட்டுப் போய் முக்குல ஸ்டார்ட் பண்ணச் சொல்றாங்க.

ஆனா ஒண்ணு. மேட்டுல ரெண்டு பேர் உக்காந்து 50-ல ஏறுது. அந்த சுகத்துக்கு நான் வருத்தப்படலை. அதையும் எழுதணும்ல?

#22 புகைவண்டி
தம்பி, இதுதான் நேர்மை. லிமிட் இல்லாத சிடிஐ இன்னும் இருக்கா?

#23 முறுக்குமன்னன்
இருக்கு அண்ணே.

#24 புகைவண்டி
அதை மட்டும் கழட்டிவிடு. எஞ்சின் 8,000-லிருந்து 9,500-க்குப் போனால் பிஸ்டன், கனெக்டிங் ராடு மேல் விழும் இழுவிசை 40 சதவீதத்துக்கு மேல் கூடும். நீ போட்ட 47 மி.மீ. பிஸ்டன் பழையதைவிடக் கனம் வேறு. கிராங்க்கும் அதன் பேரிங்கும் இன்னும் 50 சிசிக்காகச் செய்ததுதான். வால்வ் ஸ்பிரிங்கும் அப்படியே. பெல்ட் விளிம்பைத் தொட்ட பிறகு உனக்குக் கூடுதல் ஆர்பிஎம் தரும் வேகம் சொற்பம், ஏனென்றால் காற்று விடாது. ஆபத்து மட்டும் முழுசாக வரும்.

#25 முறுக்குமன்னன்
சரிண்ணே. பழையதைத் தேடி எடுக்கிறேன். தூக்கிப் போடலை.

#26 நத்தைக்கால்
வேலை முடிஞ்சுது. பெல்ட் புதுசு, ரோலர் பழைய எடையிலேயே புதுசு, ஃபில்டர் புதுசு, முன் பிரேக் நிஜமாவே உரசிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

ஜிபிஎஸ் 59. அதே மேட்டுல 35-க்குப் பதிலா 41. மார்க்கர் கோடு விளிம்புகிட்ட ஒரு மி.மீ. மட்டும் மிச்சம். ஏழு கி.மீ. என் வண்டிக்குள்ளேயே ஒளிஞ்சிருந்திருக்கு.

இப்ப ஒரு மனசு போதும்னு சொல்லுது. இன்னொரு மனசு, பின்னாடி இருக்கிற ஃபைனல் கியர் செட்டை மாத்தினா என்ன ஆகும்னு கேட்குது.

#27 கிரீஸ்கை
அந்த ரெண்டாவது மனசை இங்கே அனுப்பி வைங்க, நான் பேசிக்கிறேன்.

உயரமான கியர்னா அதே ஆர்பிஎம்-ல சக்கரம் கூடச் சுத்தும். காகிதத்துல வேகம் கூடும். ஆனா உங்க எஞ்சின் இப்ப 59-லயே காத்தோட மல்லுக்கட்டி நிக்குது, கையிருப்பு பலம் இல்லை. கியரை உயர்த்தினா ஆர்பிஎம் விழும், பலமும் கூட விழும், 59 இருந்த இடத்துல 55 வரும். எஞ்சின் முழு முறுக்குல அலறி, மேல ஆர்பிஎம்-ல முட்டிக்கிட்டு நிக்கிற வண்டிக்குத்தான் அந்த கியர். அதாவது கிட் போட்ட நம்ம தம்பிக்கு ஒருவேளை பொருந்தும். உங்களுக்கு இல்லை.

உங்க நிஜத் தொல்லை மேடுதானே? அரை கிராம் லேசான ரோலர் செட் ஒண்ணு போட்டுப் பாருங்க. டாப்ல ஒரு கி.மீ. போனாலும் மேட்டுல மூணு நாலு வரும். பின் ஸ்பிரிங்கைத் தொடாதீங்க. கெட்டி ஸ்பிரிங் போட்டா பெல்ட் சூடாகி ஆயுசு குறையும், உங்க பலத்துக்கு அது தேவையே இல்லை.

#28 ஓரமாப்போறேன்
லாரிக்காரர் விஷயம்? 59-லும் ஹாரன் அடிப்பார். 71-லும் அடிப்பார், லாரி 80-ல் வந்தால். நான் அந்தப் பெரிய ரோட்டை விட்டுவிட்டுப் பக்கத்துச் சின்ன ரோட்டில் போக ஆரம்பித்தேன். ஆறு நிமிடம் கூடுதல். அந்தப் பெயரைத்தான் இங்கே வைத்துக்கொண்டேன்.

தினமும் அந்த ரோட்டில்தான் போயாக வேண்டும் என்றால் 110, 125 சிசி வண்டி ஒன்று பழசாகப் பாருங்கள். அதன் பிரேக், சட்டம், டயர் எல்லாம் அந்த வேகத்துக்கென்றே செய்தவை. ஆவணமும் சரியாக இருக்கும்.

#29 நத்தைக்கால்
அக்கா, நீங்க சொன்னதை வீட்டிலும் சொன்னாங்க. கிட் வாங்க எடுத்து வச்ச காசை அப்படியே வச்சிருக்கேன், பெரிய வண்டி பார்க்கலாம்னு. இந்த நத்தை ஊருக்குள்ள ஓட இருக்கட்டும்.

அதுவரைக்கும் அரை கிராம் லேசான ரோலர் இன்னைக்குக் காலையில போட்டேன். ஜிபிஎஸ் 58. மேட்டுல 45. ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரிச்சேன்.

ஒரு சின்னச் சந்தேகம். கவரை மூடின பிறகு ஒரு போல்ட் மிச்சமா கையில இருக்கு. கொஞ்சம் நீளமானது. கவர் ஆடலை, சத்தமும் இல்லை. விட்டுடலாமா?

#30 கிரீஸ்கை
அட்டையில குத்தி வைக்கச் சொன்னேனே சார்.

வண்டியை எடுக்காதீங்க. நீளமான போல்ட் மிச்சம்னா, நீளமானது போக வேண்டிய ஓட்டையில குட்டையானது உக்காந்திருக்கு, இல்லை ஒரு ஓட்டை காலியா இருக்கு. கவர் முழுசா தெரியற மாதிரி ஒரு போட்டோ, போல்ட்டை ஸ்கேல் பக்கத்துல வச்சு ஒரு போட்டோ போடுங்க. நான் ராத்திரி வரைக்கும் இங்கேதான் இருப்பேன்.